பல்ப்பர் ஓடத் தொடங்கும் மூன்று நொடி: தனி கிரிட்டைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம், உள்ளே தள்ளி ஒரு காப்பித் தோட்டம். டிசம்பர் மாதம், மாலை ஐந்தே கால். அன்றைக்குப் பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும். விட்டால் மூட்டைக்குள்ளேயே புளித்துவிடும். ஆள் பச்சை பட்டனை அமுக்கினார். மோட்டார் ஒருமுறை உறுமியது. அவ்வளவுதான். பல்ப்பர் கொட்டகை, பங்களா, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இருட்டு. பேட்டரியில் சார்ஜ் 91 சதவீதம் இருந்தது.

சோலார், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் என்று வெளி கரண்டைத் தொடாமல் தானே ஓடும் அந்தத் தனி கிரிட்டுக்குக் கணக்குப் போட்டவள் நான்தான். வருஷத்தின் 8,760 மணி நேரத்தையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, இத்தனை பேனல், இத்தனை பேட்டரி, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் டீசல் என்று வண்ணப் படத்தோடு அறிக்கை கொடுத்திருந்தேன். கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கிடையாது. ஆனால் மணிக்கணக்கில் பார்க்கும் மாடலுக்கு நொடி தெரியாது. போனது நொடியில்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சின்னதாக ஒரு சோலார் கடை வைத்திருக்கிறேன். இ.இ.இ. படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக வருவார்கள். வந்ததும் கேட்பது, "மேடம், எந்த சாஃப்ட்வேர் போடணும்?" நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். இங்கேயும் அப்படித்தான்.

தனி கிரிட் ஏன் வேறு சாதி

மேட்டூர் அணையில் ஒரு குடம் மொண்டால் நீர்மட்டம் இறங்கியது யாருக்கும் தெரியாது. மாடித் தொட்டியில் மொண்டால் கண்ணெதிரே இறங்கும். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் மேட்டூர் அணை மாதிரி. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக கிரிட்டை மற்ற இந்தியாவோடு இணைத்த பிறகு, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுற்று அலையாக, அதாவது 50 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. சேலத்தில் ஒரு மில் முழுவதும் நின்றாலும் அந்தத் தாளம் அசையாது.

எஸ்டேட் கிரிட், அந்தமான், லட்சத்தீவு எல்லாம் மாடித் தொட்டி. தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. எடுப்பதும் கொடுப்பதும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெர்ட்ஸ் ஏறும், இறங்கும், கடைசியில் ஏதாவது ஒரு கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். சூரியனும் காற்றும் நாம் சொன்னபடி கேட்காதவை. இவற்றை மாடித் தொட்டிக்குள் எவ்வளவு விடலாம் என்பதைச் செலவு செய்யும் முன்பே ஓட்டிப் பார்க்கத்தான் மாடல்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

ஒரு தாளில், முழு வாக்கியமாக. 'மைக்ரோகிரிட் ஆய்வு' என்று எழுதினால் அது தலைப்பு, கேள்வி அல்ல. 'வருஷத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் குறையும்?' என்பது கேள்வி. 'மேகம் மறைத்தால் ஜெனரேட்டரால் ஈடு கட்ட முடியுமா?' இன்னொன்று. 'பல்ப்பர் ஸ்டார்ட் ஆகும்போது இன்வெர்ட்டர் தாங்குமா?' வேறொன்று. 'கடைசி லைன் வீட்டில் பல்ப் மங்குமா?' அதுவும் தனி.

இந்த நான்குக்கும் நான்கு கடிகாரம். முதல் கேள்விக்கு மணி போதும், ஆனால் முழு வருஷம் வேண்டும். இரண்டாவதற்கு நொடிக்கணக்கிலோ நிமிஷக்கணக்கிலோ சில மணி நேரம். மூன்றாவதற்கு மில்லிநொடி, மொத்தமே பத்து நொடி ஓடினால் போதும். நான்காவதில் நேரமே கிடையாது. உச்ச லோடு இருக்கும் ஒரே ஒரு கணத்தை எடுத்து, கம்பியில் எவ்வளவு வோல்டேஜ் இறங்குகிறது என்று பார்த்தால் முடிந்தது. ஒரே மாடலில் நான்கையும் திணிக்க முயன்றால் ஒன்றும் ஓடாது. நான் செய்த தப்பு அதைவிடச் சின்னது, அதைவிட மோசம்: முதல் கடிகாரத்தை மட்டும் கட்டிவிட்டு நாலுக்கும் பதில் தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன்.

லோடு: நோட்டும் டாங் டெஸ்டரும்

மாடலுக்கு உயிர் லோடு டேட்டா. கருவியின் மேல் ஒட்டியிருக்கும் வாட்டைக் கூட்டினால் வருவது லோடு அல்ல, ஆசை. முதல் தடவை நான் அப்படித்தான் கூட்டினேன். இரண்டாவது தடவை இருபது கொண்டை ஊசி வளைவையும் ஸ்கூட்டரில் ஏறி, தோட்டத்திலேயே மூன்று நாள் தங்கி, கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரை மெயின் போர்டில் போட்டு ஒவ்வொரு ஃபேஸையும் அளந்தேன். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரவிலும். முடிந்தால் அளவைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாக்கர் மாட்டிவிடுங்கள், தூங்கலாம்.

கிடைத்தது இது. பதினான்கு லைன் வீடு, மாலை ஆறு முதல் பத்து வரை சேர்த்து இரண்டரை கிலோவாட். அது 10 யூனிட். பின்னிரவில் ஃபேன், ஃப்ரிட்ஜ், கேட் விளக்கு எல்லாம் சேர்ந்து 5 யூனிட். பங்களா, ஆபீஸ் பகலில் 12. தண்ணீர் மோட்டார் 5 எச்.பி., காலை ஆறிலிருந்து எட்டு வரை, 9 யூனிட். விருந்தினர் காட்டேஜில் நான்கு கீசர், தலா 2 கிலோவாட், விடியற்காலை ஒரு மணி நேரம்: 8 யூனிட். சேலத்தில் கீசரை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் மாதம் அது இல்லாமல் ஒரு விருந்தினரும் குளிக்க மாட்டார். ஆக 44 யூனிட். சீசனில் 7.5 எச்.பி. பல்ப்பர் மாலை நாலு முதல் எட்டு வரை ஓடினால் இன்னும் 26. மொத்தம் 70.

கூட்டுத்தொகையைவிட எந்த மணியில் எவ்வளவு என்பதுதான் முக்கியம். சீசன் நாளின் 70 யூனிட்டில் 58 யூனிட் வெயில் சாய்ந்த பிறகோ வெயில் ஏறும் முன்போ போகிறது. சோலாருக்கு இதைவிடப் பொருந்தாத லோடு கிடைக்காது.

வெயில்: செயற்கைக்கோளுக்கு மலை தெரியாது

மணிக்கணக்கான வெயில் டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிட்டதை நாசா பவர் தளத்தில் 2001 முதல் எடுக்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். தளம் நம் ஊருக்கும் தருகிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுக்க வெயில் அளக்கும் நிலையங்கள் வைத்திருக்கிறது.

ஆனால் நாசா பவரின் வெயில் டேட்டா ஒரு டிகிரிக்கு ஒரு கட்டம், அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்கு ஒரு எண். அந்தக் கட்டத்துக்குள் அஸ்தம்பட்டியும் உண்டு, சேர்வராயன் கோயிலும் உண்டு. கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில் மேலே லேடீஸ் சீட்டில் நின்றால் எதிரே ஒன்றும் தெரியாது. மேகம் கையெட்டும் உயரத்தில் போகும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் எப்படி?

வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். என்னிடம் இல்லை. நான் செய்தது இதுதான்: 10 வாட் சின்ன பேனல் ஒன்று. அதன் இரண்டு முனையையும் 0.1 ஓம் ரெசிஸ்டர் வழியாக நேரே இணைத்தேன். ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வெயிலுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதுதான் சூட்சுமம். முழு வெயிலில் சுமார் 0.6 ஆம்பியர், ரெசிஸ்டரின் குறுக்கே 60 மில்லிவோல்ட். அதை நொடிக்கு ஒருமுறை ஒரு மெமரி கார்டில் எழுதவிட்டேன். மேகமே இல்லாத ஒரு நண்பகலில் அளவை ஒத்துப் பார்த்துக்கொண்டால் போதும். ஜெனரேட்டர் ரூம் தகரக் கூரையில் அது கிடந்த ஆறு வாரத்தில் மலையின் வெயில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. காலை பத்து மணி வரை அருமை. மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கினால் சதுர மீட்டருக்கு 800 வாட் இருந்த இடத்தில் இருபது நொடியில் 300.

ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தினமும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார், "மேடம், உங்க கம்ப்யூட்டருக்குள்ளயும் மேகம் வருதுங்களா?"

வருதுங்க அண்ணா, இப்போதுதான் வருது என்றேன்.

வெயில் எண்ணிலிருந்து கரண்டுக்குப் போகும்போது சூட்டை மறக்க வேண்டாம். பேனல் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் இழக்கும். முழு வெயிலில் பேனல் சுற்றுக் காற்றைவிட 30 டிகிரி வரை அதிகம் சுடும். ஏப்ரல் சேலத்தில் காற்று 38 என்றால் பேனல் 68, இழப்பு 15 சதவீதம். மலையில் காற்று 26 என்றால் 11. இந்த ஒரு விஷயத்தில் மலை நமக்கு நல்லது செய்கிறது.

8,760 வரிசை

இப்போது ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்கலாம். மணிக்கு ஒரு வரிசை. முதல் பத்தியில் நேரம், அடுத்து லோடு, அடுத்து சோலார். சோலாரிலிருந்து லோடைக் கழியுங்கள். மிச்சம் வந்தால் 0.95-ஆல் பெருக்கிப் (ஏற்றும்போதும் எடுக்கும்போதும் 5 சதவீதம் வீணாகும் என்று வைத்து) பேட்டரியில் போடுங்கள். பேட்டரி நிறைந்துவிட்டால் 'வீண்' என்ற பத்தியில். குறை வந்தால் 0.95-ஆல் வகுத்துப் பேட்டரியிலிருந்து எடுங்கள். பேட்டரி 20 சதவீதத்தைத் தொட்டால் நிறுத்திவிட்டு மீதியை 'டீசல்' பத்தியில். ஒவ்வொரு வரிசையின் பேட்டரி இருப்பும் மேல் வரிசையிலிருந்து வர வேண்டும். கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு சாயங்காலத்தில் கட்டிவிடலாம். ஒரு சின்ன வேலை மட்டும்: வருஷத்தை இரண்டு தடவை சேர்த்து ஓட்டி, இரண்டாவதை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் ஜனவரி முதல் தேதி பேட்டரி நிறைந்திருந்ததாக நீங்களே கொடுத்த இனாம் கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் தோட்டத்துக்கு 20 கிலோவாட் பேனல், நல்ல நாளில் 80 யூனிட். 60 யூனிட் லித்தியம் பேட்டரி, எடுக்கக்கூடியது 48. மேலே சொன்ன இருட்டு நேர 58 யூனிட்டுக்கு இது போதாது; வெயில் கொளுத்தினாலும் சீசனில் தினம் டீசல் ஓடியது. பேட்டரியைக் கூட்டலாம் என்று முதலில் தோன்றும். அதற்கு முன் நேரப் பத்தியில் கை வைத்துப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரைக் காலை ஆறிலிருந்து பதினொன்றுக்கு நகர்த்தினேன். தொட்டி நிறைந்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான்கு கீசரை எடுத்துவிட்டு, பஞ்சு சுற்றிய ஒரே பெரிய தொட்டியில் மதியமே சுடவைக்கச் சொன்னேன். 58-லிருந்து 17 போய் 41. இழப்பைச் சேர்த்தாலும் 43. பேட்டரியில் ஒரு யூனிட் கூடக் கூட்டாமல் வெயில் நாளில் டீசல் நின்றது.

டாஸ்மேனியாவுக்கு அருகே கிங் தீவில் காற்றாலை உபரியை ஒரு பெரிய ரெசிஸ்டரில் விட்டு வெப்பமாக எரித்து கிரிட்டைச் சமன் செய்கிறார்கள். நம்முடையதும் அதே வேலைதான். வெந்நீர் கிடைக்கிறது என்பது கூடுதல்.

டீசல் பத்தி தனியாகப் பேச வேண்டியது. ஜெனரேட்டர் குடிப்பது லோடுக்கு நேர் விகிதத்தில் அல்ல. சும்மா சுழல்வதற்கே ஒரு பங்கு குடிக்கும். தோராய விதி: மணிக்கு, அதன் முழுத் திறனில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 0.08 லிட்டர், அதோடு கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் லிட்டர். தோட்டத்தில் இருப்பது 50 கே.வி.ஏ. (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு), அதாவது 40 கிலோவாட். மூடிய நாளில் சோலார் 20, 22 யூனிட்தான் தரும். 48 யூனிட் பற்றாக்குறை. இதை 4 கிலோவாட் வீதம் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி ஈடு கட்டினால் மணிக்கு 4.2 லிட்டர், மொத்தம் 50 லிட்டர். அதையே பேட்டரிக்கும் சேர்த்து ஏற்றி 20 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 8.2, மொத்தம் இருபது லிட்டரும் கொஞ்சமும். வித்தியாசம் முப்பது லிட்டர் அளவு. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,700 ரூபாய். போதாததற்கு, முழுத் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத எண்ணெய் சைலன்ஸர் வழியாகக் கறுப்பாக வழியும். அண்ணனுக்கு அது தெரியும். துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அதனால் மாடலில் ஒரு வரி: ஜெனரேட்டர் ஓடினால் 12 கிலோவாட்டுக்குக் குறையாமல் ஓடட்டும், இல்லையென்றால் ஓடவே வேண்டாம்.

அப்புறம், ஒரே ஒரு 'சராசரி வருஷத்தை' ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். சராசரியில் மோசமான நாளும் நல்ல நாளும் கலந்து சாதுவாகிவிடும். சேர்வராயன் மலைக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வடகிழக்கின் வால் காப்பிப் பறிப்பின் தலையில் வந்து விழும். கிடைக்கும் எல்லா வருஷத்தையும் தனித்தனியாக ஓட்டி, அவற்றில் தொடர்ந்து ஐந்து நாள் மூடியிருந்த வாரத்தைத் தேடிப் பிடியுங்கள். பேட்டரியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்த வாரம்.

மூன்று நொடி

இனி பல்ப்பருக்கு வருவோம். 7.5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஃபேஸுக்கு 11 ஆம்பியர் இழுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் முதல் இரண்டு மூன்று நொடி ஆறு மடங்கு, 66 ஆம்பியர். 1.732 × 415 × 66 என்று பெருக்குங்கள்: 47 கே.வி.ஏ. நான் வைத்த இன்வெர்ட்டர் 15 கே.வி.ஏ., சில நொடி இரட்டிப்பு தாங்கும். 30 எங்கே, 47 எங்கே? அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, தோட்டம் இருண்டது.

என் மணிக்கணக்கு மாடலில் இது ஏன் தெரியவில்லை? அந்த மூன்று நொடியில் உண்மையாகச் செலவாகும் மின்சாரம் 0.012 யூனிட். ஒரு மணி நேரச் சராசரியில் அது தூசி. யூனிட்டைக் கேட்டேன், யூனிட்டைச் சொன்னது. ஆம்பியரைக் கேட்கவில்லை.

தீர்வு எளிது. முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு, 16 கே.வி.ஏ.; மாறும் நொடியில் ஒரு துள்ளல் இருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. போட்டால் மோட்டார் மெதுவாக எழும்பும், துள்ளலே இல்லை. நாங்கள் வி.எஃப்.டி. போட்டோம். அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கும் இதே தலைவலி வந்தது, வேறு அளவில். நீர்மின்சாரமும் காற்றாலையுமாக ஓடும் தீவு. துறைமுகத்தில் மின்சாரக் கிரேன் ஒன்று வரவிருந்தது. கன்டெய்னரைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் கிரிட் குலுங்கும். அங்கே 2015-இல் சுழற்சியில் ஆற்றலைச் சேமிக்கும் கனத்த சக்கரங்கள், இரண்டு ஃப்ளைவீல் வைத்து அந்தக் குலுக்கலை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிரேன், நமக்குப் பல்ப்பர்.

ஹெர்ட்ஸ் எப்படி இறங்குகிறது என்பதையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். பேட்டரி பழுதாகி, ஜெனரேட்டரும் சோலாரும் மட்டும் ஓடுவதாக வையுங்கள். சூத்திரம் ஒரே வரி: ஹெர்ட்ஸ் இறங்கும் வேகம் = குறைந்த கிலோவாட் × 50 ÷ (2 × எச் × ஜெனரேட்டர் கே.வி.ஏ.). எச் என்பது சுழலும் இரும்பில் எத்தனை நொடிக்கான ஆற்றல் சேமிப்பில் இருக்கிறது என்பது. சின்ன டீசல் செட்டுக்கு ஒன்று என்று வைத்துத் தொடங்கலாம். சோலார் இன்வெர்ட்டர் ஒன்று திடீரென்று கழன்று 10 கிலோவாட் போனால்: 10 × 50 ÷ (2 × 1 × 50). நொடிக்கு 5 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டரின் வேகத்தைச் சீராக்கும் கவர்னர் விழித்துக்கொள்ள அரை நொடி ஆனால் அதற்குள் 50 போய் 47.5. பல இன்வெர்ட்டர்கள் அந்த எண்ணில் கழன்றுகொள்ளும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும். அப்போது மிச்சமிருக்கும் இன்வெர்ட்டரும் போகும். முதலில் போனது விபத்து. இரண்டாவது நம் செட்டிங்.

மேகம் அப்படி அல்ல. 800-லிருந்து 300-க்கு இருபது நொடி என்று சொன்னேனே, 20 கிலோவாட் பேனலுக்கு அது நொடிக்கு அரை கிலோவாட். கவர்னருக்கு அது விளையாட்டு. போட்டதும் நானே கொஞ்ச நேரம் நம்பவில்லை. எல்லாரும் மேகம் மேகம் என்று பயமுறுத்துகிறார்கள், இவ்வளவு சின்ன கிரிட்டில் கவிழ்ப்பது மோட்டாரும் கழன்றுகொள்ளும் கருவியும்தான். மேகத்துக்கு வேண்டியது வேகம் இல்லை, இருப்பு: அந்த 10 கிலோவாட்டை ஏற்றுக்கொள்ள ஜெனரேட்டரிலோ பேட்டரியிலோ காலி இடம் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் இன்வெர்ட்டர் எந்த வகை என்று கவனியுங்கள். சாதாரண சோலார் இன்வெர்ட்டர் வேறொருவர் போடும் தாளத்துக்கு ஆடும். தாளம் நின்றால் அதுவும் நிற்கும். தாளம் போடக்கூடிய பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றாவது இருந்தால்தான் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு இரவைக் கழிக்க முடியும். மாடலில் இரண்டையும் ஒரே டப்பாவாக வரைந்தால் விடை அழகாக வரும், தோட்டம் இருளும்.

கம்பி

கடைசி லைன் வீடுகள் 600 மீட்டர் தள்ளி. 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், ஒரே ஃபேஸில் 11 ஆம்பியர். போக வர 1,200 மீட்டருக்கு 2.1 ஓம், 23 வோல்ட் காணாமல் போகும். 230 கிளம்பி 207 வந்து சேரும். மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போட்டால் 4 வோல்ட்தான். கணக்கு அவ்வளவுதான், எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

சரி, சாஃப்ட்வேர்

முதல் கடிகாரத்துக்கு ஹோமர் பெயர் பெற்றது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 1990-களில் பிறந்தது, இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டும். அதே ஆய்வகத்தின் 'சாம்' இலவசம், சோலார் விளைச்சலுக்கு நல்லது. பைத்தான் தெரிந்தால் பைப்சா. இலவசம், எந்த மணியில் எதை ஓட்டினால் செலவு குறையும் என்று அதுவே தேடித் தரும். கம்பிக்கும் வோல்டேஜுக்கும் ஓப்பன் டி.எஸ்.எஸ். அல்லது பாண்டாபவர், இரண்டும் இலவசம். நொடிக் கணக்குக்கு ஆக்டேவ் என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருபது வரி போதும். ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒருமுறை கையால் கட்டாமல் இவற்றில் இறங்க வேண்டாம். பட்டனை அமுக்கினால் எதற்கும் ஒரு விடை வரும். அது தப்பு என்று கண்டுபிடிக்க உங்கள் கையில் ஒரு எண் இருக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்

மாடல் முடிந்ததும் நடந்து முடிந்த ஒரு மாதத்தை அதில் ஓட்டி, உண்மையோடு ஒப்பிடுங்கள். என் மாடல் ஒரு ஜனவரிக்கு 140 லிட்டர் டீசல் என்றது. அண்ணனின் நோட்டில் 230. கேன் கேனாக, தேதி போட்டு, நீல மையில். வெயிலைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் போனது. அப்புறம் நோட்டின் நேரப் பத்தியைப் பார்த்தேன். எல்லா நாளும் ஒரே மாதிரி: 'மா. 6.00 ஆன்.'

"பேட்டரி நிறைய இருந்தாலும் ஆறு மணிக்குப் போட்டுடுவீங்களாண்ணா?"

"இருபது வருஷமா ஆறு மணிக்குத்தானுங்க போடறேன். இருட்டறதுக்கு முன்னாடி ஓடிட்டிருந்தா முதலாளி தைரியமா இருப்பாரு."

கிரிட்டை எப்போது எது ஓட்டுவது என்று தீர்மானிக்கும் விதியை நான் எவ்வளவோ யோசித்து மாடலில் எழுதியிருந்தேன். நிஜத்தில் அந்த விதி இவர்தான். மாடலில் 'மாலை 6 முதல் 7 வரை ஜெனரேட்டர்' என்று ஒரு வரி சேர்த்ததும் 222 லிட்டர் வந்தது. பிறகு பேட்டரியின் சதவீதம் பெரிதாகத் தெரியும் ஒரு டிஸ்ப்ளேயை ஜெனரேட்டர் ரூம் வாசலில் மாட்டினோம். 40-க்குக் கீழே போனால் மட்டும் போடுங்கள் என்று பேசிக்கொண்டோம். முதல் வாரம் அவர் கை சும்மா இருக்கவில்லை; இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

ஒரு சின்ன தீவின் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் உதவும். அமெரிக்கச் சமோவாவின் தாவு தீவில் 2016-இல் 1.4 மெகாவாட் சோலாருக்கு 6,000 யூனிட் பேட்டரி வைத்தார்கள்: கிலோவாட்டுக்கு நாலே கால் யூனிட் அளவு. நம்முடையது மூன்று. ஸ்பெயினின் எல் ஹியரோ தீவு பேட்டரியை நம்பவில்லை, 11.5 மெகாவாட் காற்றாலையின் உபரியில் தண்ணீரை எரிமலை வாயில் இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, காற்று ஓயும்போது இறக்குகிறார்கள். அந்தமானில் என்.எல்.சி. அமைத்த 20 மெகாவாட் சோலாருக்கு 8,000 யூனிட் பேட்டரிதான். கிலோவாட்டுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. அங்கே பேட்டரியின் வேலை இரவைக் கடத்துவது அல்ல, மேகத்தைச் சமாளிப்பது. உங்கள் விடை இந்த மூன்றில் எதற்கும் பக்கத்தில் வரவில்லையென்றால் தப்பு என்று அர்த்தம் இல்லை. ஏன் என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால் போதும்.

போன மாதம் ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், மூன்றரை மணிக்கு மேல் இரண்டு சில்வர் ஓக் மரத்தின் நிழல் பேனலின் மூன்றாவது வரிசையில் விழுகிறது. பல்ப்பர் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக. தினம் மூன்று யூனிட் போகிறது என்று மாடல் சொல்கிறது. முதலாளியிடம் காட்டினேன். "வெட்டிடலாமாம்மா?" என்று கேட்டார். இரண்டிலும் மிளகுக் கொடி உச்சி வரை ஏறியிருக்கிறது. மிளகுக்கு என் ஷீட்டில் பத்தி இல்லை. அவரே மரத்தடியில் போய் நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தார், பக்கக் கிளையை மட்டும் கழிக்கச் சொல்லிவிட்டார். கழித்த பிறகு ஒன்றரை யூனிட்.